வரிவிதிப்பில் முதுகலைப் படிப்பு, கூடவே பணிப்பயிற்சி: முழுமையான வழிகாட்டி

வரித்துறை வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கணக்கியல் படித்துவிட்டு வருவார்கள், இல்லையென்றால் சட்டம் படித்துவிட்டு. கணக்கியல்காரருக்கு எண்கள் அத்துப்படி, ஆனால் ஒரு சட்டப்பிரிவை முழுதாகப் படிக்கச் சொன்னால் மூன்றாவது வரியில் தூக்கம் வரும். சட்டக்காரருக்குப் பிரிவும் உட்பிரிவும் கைவந்த கலை, ஆனால் ஒரு இருப்புநிலைக் குறிப்பை நீட்டினால் முழிப்பார். வரி வேலைக்கு இரண்டும் வேண்டும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் வரிவிதிப்பில் தனியாக முதுகலைப் படிப்பு இருக்கிறது. படிப்பின் நடுவே சில மாதங்கள் ஒரு வரிப் பிரிவில் உட்கார்ந்து நிஜமான வேலை பார்க்கும் ஏற்பாடும் சேர்ந்திருந்தால் அதன் மதிப்பே வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தை இரண்டாவதாகப் பாருங்கள். பணிப்பயிற்சி எந்த மாதத்தில் வருகிறது, எந்த மாதிரி இடத்தில், யாருடைய மேற்பார்வையில் என்பதை முதலில் பாருங்கள். பாடத்திட்டங்கள் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: தனிநபர் வருமான வரி, நிறுவன வரி, மதிப்புக்கூட்டு வரி, சர்வதேச வரி, வரிக் கொள்கை, ஆய்வு முறை. பணிப்பயிற்சியின் தரம்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

படி 1: எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறீர்கள்?

பொறியியல் படித்தவர் எந்த நாட்டுக்குப் போனாலும் அதே இயற்பியல்தான். வரி அப்படி இல்லை. ஒரு நாட்டின் வருமான வரிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தாலும் எல்லை தாண்டினால் அதில் பெரும்பகுதி பயன்படாது. அதனால் "எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்ற கேள்விக்கு முன்னால் "அடுத்த ஐந்து வருடம் எங்கே இருக்கப் போகிறேன்?" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

இருக்கப் போகும் நாடு உறுதி என்றால், அந்த நாட்டு உள்நாட்டுச் சட்டத்தை ஆழமாகச் சொல்லித்தரும் படிப்பும் அதே நாட்டுப் பணிப்பயிற்சியும் சரியான தேர்வு. இன்னும் முடிவாகவில்லை என்றால், நாடு விட்டு நாடு கூடவே வரக்கூடிய பிரிவுகளின் பக்கம் சாய்வது புத்திசாலித்தனம். அப்படி மூன்று நான்குதான் இருக்கின்றன.

முதலாவது, ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமல் இருக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தங்கள். உலகின் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓஇசிடி (பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு) மாதிரி ஒப்பந்தத்தையோ ஐநா மாதிரி ஒப்பந்தத்தையோ பின்பற்றி எழுதப்பட்டவை. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றைப் பிரித்துப் படிக்க முடியும். இரண்டாவது, டிரான்ஸ்ஃபர் பிரைசிங்: ஒரே குழுமத்தின் கம்பெனிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும்போது போடும் விலை, சம்பந்தமில்லாத இரண்டு பேர் போடும் விலையைப் போல இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. மூன்றாவது, மதிப்புக்கூட்டு வரியின் அடிப்படைத் தர்க்கம். 1954இல் பிரான்ஸில் தொடங்கிய இந்த வரி இன்று உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. விகிதமும் விலக்கும் மாறும், வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் சங்கிலி மாறாது. நான்காவது, 75 கோடி யூரோவுக்கு மேல் ஆண்டு வருவாய் உள்ள பன்னாட்டுக் குழுமங்களுக்கான 15 சதவீதக் குறைந்தபட்ச வரி. 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்ட இந்த ஏற்பாட்டின் கணக்கு சிக்கலானது. அதைப் போடத் தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது.

படி 2: எந்த வகைப் படிப்பு?

ஒரே பெயரில் இருந்தாலும் இவை ஒரே சரக்கு இல்லை.

எல்எல்எம் என்று முடிந்தால் அது சட்டப் பள்ளியின் படிப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வரி எல்எல்எம் போன்றவற்றுக்கு முதலில் ஒரு சட்டப் பட்டம் கையில் இருக்க வேண்டும். லெய்டன் பல்கலைக்கழகமும் வியன்னா பொருளாதாரப் பல்கலைக்கழகமும் சர்வதேச வரிச் சட்டத்தில் எல்எல்எம் நடத்துகின்றன. வியன்னாவில் ஒரு வருட முழுநேரமாகவும் இரண்டு வருடப் பகுதிநேரமாகவும் படிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டின் எம்எஸ்சி வரிவிதிப்பு இரண்டு வருடப் பகுதிநேரப் படிப்பு, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணக்கியல், நிதிப் பள்ளியின் கீழ் வரிவிதிப்பு முதுகலை இருக்கிறது. படிப்பும் வேலையும் மாறி மாறி வரும் கோ-ஆப் முறையை நீண்ட காலமாக நடத்திவரும் பல்கலைக்கழகம் அது.

கணக்கியல் பள்ளிகள் நடத்தும் படிப்புகளில் கணக்குப் போடுவது அதிகம்: நிறுவன மறுசீரமைப்பு, ஒத்திவைக்கப்பட்ட வரி, படிவம் நிரப்புதல். சட்டப் பள்ளிகளில் வழக்குகளும் வாதங்களும் அதிகம். வரி ஆலோசனை நிறுவனத்தில் சேர நினைப்பவருக்கு முதலாவது பொருந்தும். வரித் தகராறு, மேல்முறையீடு, ஒப்பந்தம் எழுதுதல் என்று போக நினைப்பவருக்கு இரண்டாவது. இரண்டும் கலந்து தரும் படிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

படி 3: பணிப்பயிற்சி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று துருவிப் பாருங்கள்

விளம்பரக் கையேட்டில் எல்லோரும் "தொழில் அனுபவத்துடன்" என்றுதான் போடுவார்கள். அதற்குப் பின்னால் நான்கு வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கலாம்.

கோ-ஆப் முறையில் ஒரு பருவம் வகுப்பு, ஒரு பருவம் முழுநேர வேலை என்று மாறி மாறி வரும். வேலைப் பருவம் பட்டத்தின் ஒரு பகுதி, சம்பளமும் பொதுவாக உண்டு. இன்டர்ன்ஷிப் என்பது விடுமுறையில் எட்டு, பத்து வாரம். சில இடங்களில் அதற்கு மதிப்பெண் உண்டு, சில இடங்களில் கிடையாது. மூன்றாவது, வேலையில் இருந்துகொண்டே மாலையிலோ வார இறுதியிலோ படிப்பது. நான்காவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை: வரி கிளினிக். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த குறைந்த வருமானத்தோருக்கான வரி கிளினிக்குகளில் பல, சட்டப் பள்ளிகளில் இயங்குகின்றன. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவருக்காக வருமான வரித்துறையுடன் மாணவரே கடிதப் போக்குவரத்து நடத்துவார். பெரிய நிறுவனத்தில் ஆறு மாதம் எக்செல் தாள் நிரப்புவதைவிட இதில் ஒரு நபரின் வழக்கை முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பது அதிகம் கற்றுத்தரும் என்பது என் எண்ணம்.

அப்புறம், பருவம். இதுதான் ஆளை ஏமாற்றும் விஷயம். வரி வேலைக்கு உச்ச காலமும் மந்த காலமும் உண்டு. ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதி அமெரிக்காவில் கூட்டாண்மைகளுக்கு மார்ச் 15, தனிநபர்களுக்கு ஏப்ரல் 15. கனடாவில் பெரும்பாலான தனிநபர்களுக்கு ஏப்ரல் 30. பிரிட்டனில் இணையவழி சுயமதிப்பீட்டுக்கு ஜனவரி 31. ஆஸ்திரேலியாவில் தாங்களே தாக்கல் செய்பவர்களுக்கு அக்டோபர் 31. இந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் உங்கள் பயிற்சிக்காலத்தில் வந்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் கண்முன் ஓடும், ஆனால் உட்கார வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. மந்த காலத்தில் வந்தால் மேலதிகாரி பொறுமையாகப் பேசுவார், ஆராய்ச்சிக் குறிப்பு எழுதச் சொல்வார், ஆனால் கைவேகம் வராது. இரண்டு முறை பயிற்சி இருக்கிற படிப்பு என்றால் முதலாவது உச்ச காலத்திலும் இரண்டாவது மந்த காலத்திலும் அமைவது நல்லது. ஒரே முறைதான் என்றால் உச்ச காலத்தையே கேளுங்கள். ஆராய்ச்சியை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம், மற்றதை முடியாது.

சேர்க்கை அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை இவை. கேட்கத் தயங்க வேண்டாம். மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

– பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகமே உறுதியாகத் தருகிறதா, அல்லது "உதவி" மட்டும் செய்கிறதா?
– இடம் கிடைக்காவிட்டால் பட்டம் என்னவாகும்? மாற்றுப் பாடம் எடுத்து முடிக்கலாமா?
– கடந்த சில ஆண்டுகளில் மாணவர்கள் போன இடங்களின் பட்டியல் கிடைக்குமா? அதில் எத்தனை வரிப் பிரிவு, எத்தனை பொதுவான கணக்குத் தணிக்கை?
– வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதே வாய்ப்பா?
– பயிற்சிக் காலத்துக்கும் கட்டணம் உண்டா?
– தொழில்முறை அமைப்பு கேட்கும் அனுபவக் காலத்தில் இது சேருமா?

மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள். வரி படிக்கப் போய்த் தணிக்கைக் குழுவில் சரக்கு எண்ணிக்கொண்டிருக்கும் மாணவர்கள் உண்டு.

படி 4: சேருவதற்கு முன் தயாரிப்பு

கணக்கியல் பின்னணி இல்லாதவர்கள் மூன்று விஷயத்தைக் கற்றுக்கொண்டு போனால் போதும்: இரட்டைப் பதிவு, லாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் படிப்பது, தேய்மானம். சட்டப் பின்னணி இல்லாதவர்கள் ஒரு தீர்ப்பை முழுதாகப் படிக்கப் பழக வேண்டும்: உண்மைகள் எங்கே முடிகின்றன, வாதம் எங்கே தொடங்குகிறது, நீதிபதி எதை முடிவு செய்தார், எதைப் போகிற போக்கில் சொன்னார்.

பழகுவதற்கு இரண்டு பழைய வழக்குகளைச் சேர்த்துப் படிக்கலாம். ஒன்று 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த கிரெகரி எதிர் ஹெல்வரிங். பங்குகளைக் குறைந்த வரியோடு கைமாற்றுவதற்காகவே ஒரு கம்பெனியைத் தொடங்கி, சில நாளிலேயே கலைத்துவிட்டார் கிரெகரி. சட்டத்தின் எழுத்துப்படி எல்லாம் சரியாக இருந்தது. தொழில் நோக்கமே இல்லாத இது உண்மையான மறுசீரமைப்பு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றது அதே 1935இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு வழக்கு. தன் வேலையாட்களுக்குக் கூலியைப் பத்திரம் எழுதி ஆண்டுத்தொகையாகக் கொடுத்தார் பிரபு. கூலிக்குக் கழிவு கிடையாது, பத்திரப்படியான ஆண்டுத்தொகைக்கு உண்டு. அங்கே பத்திரம் என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும் என்று அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரே காலம், ஏறக்குறைய ஒரே கேள்வி, நேரெதிர் விடைகள். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு ராம்சே வழக்கு வந்தபிறகுதான் அந்த நிலை நன்றாகத் தளர்ந்தது. நியாயமாக வரி மிச்சப்படுத்துவதற்கும் சட்டம் ஏற்காத வரித் தவிர்ப்புக்கும் இடையில் கோடு எங்கே என்ற விவாதம் முழுக்க இந்த மூன்று வழக்குகளிலும் இருக்கிறது. நேர்முகத்தேர்விலும் கைகொடுக்கும்.

எக்செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தாளிலிருந்து இன்னொன்றுக்கு மதிப்பைத் தேடி எடுப்பது, பிவட் அட்டவணை, சூத்திரத்தில் எண்ணைக் கையால் தட்டாமல் கட்டத்தைச் சுட்டுவது. இந்த மூன்றும் வராமல் பயிற்சிக்குப் போகாதீர்கள்.

படி 5: விண்ணப்பம்

நோக்கக் கடிதத்தில் "சிறுவயதிலிருந்தே வரியில் ஆர்வம்" என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிடுவார். ஒரு குறிப்பிட்ட பிரச்சினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, கட்டுமானத் தளம் எத்தனை நாள் ஓடினால் அது வெளிநாட்டுக் கம்பெனிக்கு அந்த நாட்டில் நிலையான அமைவிடம் (அந்த நாடு வரி போடும் அளவுக்கு நிலைத்த தொழில் இடம்) ஆகும்? ஓஇசிடி மாதிரியில் 12 மாதத்துக்கு மேல், ஐநா மாதிரியில் 6 மாதத்துக்கு மேல். மூலதனம் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் பார்வையும் இறக்குமதி செய்யும் நாடுகளின் பார்வையும் இந்த ஆறு மாத வித்தியாசத்தில் தெரிகிறது. இப்படி ஒரு கேள்வி ஏன் உங்களைப் பிடித்தது, எந்தப் பாடமும் எந்தப் பயிற்சியும் அதற்கு உதவும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும்.

பரிந்துரைக் கடிதம் தருபவர்களில் ஒருவராவது உங்கள் எழுத்தையோ கணக்கையோ நேரில் பார்த்தவராக இருக்கட்டும். பெரிய பதவிக்காரரின் இரண்டு வரிப் பாராட்டு எடுபடாது.

படி 6: விசாவும் பணமும்

வேறு நாட்டுக்குப் போய்ப் படிப்பதென்றால் மாணவர் விசாவின் வேலை நிபந்தனைகளைப் பயிற்சியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் விதி வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். மாதிரிக்கு அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். எஃப்-1 விசாவில் படிப்பின் பகுதியான பயிற்சிக்குச் சிபிடி அனுமதி, படிப்போடு தொடர்புடைய வேலைக்குப் பட்டம் முடிந்தபின் பொதுவாக 12 மாத ஓபிடி. முழுநேரச் சிபிடியை 12 மாதமோ அதற்கு மேலோ எடுத்துவிட்டால் அதே நிலைப் பட்டத்துக்கான ஓபிடி போய்விடும். பயிற்சி எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர் இதில் மாட்டுவார். சிபிடிக்கு முன் பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்கவும் வேண்டும். உடனே பயிற்சி தொடங்க வேண்டும் என்று படிப்பே கட்டாயமாக்கும் முதுகலைகளுக்கு மட்டும் விலக்கு.

பணக் கணக்குப் போடும்போது பயிற்சிச் சம்பளத்தைக் கட்டணத்துக்கு நம்பாதீர்கள். அதை வாழ்க்கைச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அது வராவிட்டாலும் படிப்பு முடியுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இன்னொன்று: அந்தச் சம்பளத்துக்கும் வரி உண்டு. வரி மாணவர் முதலில் தாக்கல் செய்யும் ரிட்டர்ன் தன்னுடையதாகவே இருந்தால் அதைவிடப் பாடம் வேண்டாம்.

படி 7: வகுப்பில் கற்க வேண்டிய ஒரே பெரிய பழக்கம்

பாடங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். சட்டப்பிரிவைப் படிக்கும் முறையை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். முதலில் அந்தப் பிரிவு யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். அடுத்து எந்தப் பணம் அல்லது பரிவர்த்தனை. அடுத்து எந்தக் காலம். அதன்பிறகு நிபந்தனைகள்: அவற்றுக்கு நடுவில் இருப்பது "மற்றும்" என்பதா "அல்லது" என்பதா. பிறகு விதிவிலக்குகள், விதிவிலக்குக்கு விதிவிலக்குகள். ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறைப் பிரிவில் தனிப் பொருள் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பது கடைசி. "குடியிருப்பவர்" என்ற சாதாரணச் சொல்லுக்குப் பின்னால் நாள் கணக்கும், நிரந்தர வீடும், வாழ்க்கை நலன்களின் மையமும் வரிசையாக நிற்கும்.

பாடப்புத்தகமோ இணையக் கட்டுரையோ ஒரு பிரிவைப் பற்றிச் சொன்னால் அதோடு நிற்காமல் மூலத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வர வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். இல்லாத வழக்கை இருப்பதுபோல் எழுதித் தருவதில் அவை கில்லாடி.

படி 8: பயிற்சி இடம் பிடிப்பது

வகுப்பு தொடங்கும் முன்பே ஆளெடுப்பு தொடங்கிவிடும் நாடுகள் உண்டு. டெலாய்ட், பிடபிள்யுசி, இஒய், கேபிஎம்ஜி ஆகிய நான்கு பெரிய கணக்கு, வரி ஆலோசனை நிறுவனங்களும் மாணவர் ஆளெடுப்புக்கென்று தனிக் காலண்டர் வைத்திருக்கின்றன. சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே அந்தத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த நான்கோடு நிறுத்திவிடாதீர்கள். பெரிய நிறுவனத்தில் வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். டிரான்ஸ்ஃபர் பிரைசிங் பிரிவில் சேர்ந்தால் டிரான்ஸ்ஃபர் பிரைசிங் மட்டும்தான். நடுத்தர நிறுவனத்தில் காலையில் ஒரு குடும்பத் தொழிலின் ரிட்டர்ன், மதியம் மதிப்புக்கூட்டு வரி நோட்டீஸ், சாயங்காலம் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் குடியிருப்பு நிலை என்று கலந்து வரும். தன் பாதை தெரியாதவருக்கு இரண்டாவதுதான் நல்லது. தொழிற்சாலையோ மென்பொருள் கம்பெனியோ தன் சொந்த வரிப் பிரிவில் பயிற்சி தந்தால் அதையும் தட்டிக்கழிக்காதீர்கள். ஆலோசகர் கொடுத்த அறிவுரையை நடைமுறையில் யார், எந்த மென்பொருளில், எந்தக் கணக்குத் தலைப்பில் போடுகிறார் என்று அங்கேதான் தெரியும். வரித்துறையிலேயே பயிற்சி கிடைத்தால் கேட்கவே வேண்டாம்.

நேர்முகத்தேர்வில் எந்த விகிதத்தையும் மனப்பாடமாகக் கேட்க மாட்டார்கள். ஒரு சூழ்நிலை சொல்வார்கள். உடனே விடை சொல்ல வேண்டாம், உண்மைகளைக் கேளுங்கள்: ஆள் எங்கே குடியிருப்பவர், பணம் எதற்காக, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, எந்த ஆண்டு. நல்ல கேள்வி கேட்பவரைத்தான் எடுப்பார்கள்.

படி 9: பயிற்சிக் காலம்

முதல் வாரத்தில் கொடுக்கும் வேலை எளிதாகத்தான் தெரியும். ஒரு உதாரணம். வெளிநாட்டு மென்பொருள் கம்பெனிக்கு உரிமத்தொகை கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "எல்லா வரியும் போக ஒரு லட்சம் கைக்கு வர வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. வரிப்பிடித்தம் (பணம் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) 10 சதவீதம். எவ்வளவு வரி கட்ட வேண்டும்? புதிதாக வருகிறவர் பத்தாயிரம் என்று போடுவார். தப்பு. கைக்கு வரும் ஒரு லட்சம் என்பது மொத்தத் தொகையில் 90 சதவீதம். மொத்தம் 1,11,111, வரி 11,111. பத்தாயிரம் கட்டினால் 1,111 குறைவு, அதற்கு வட்டியும் சேரும்.

இதோடு முடியவில்லை. 10 சதவீதம் என்பது உள்நாட்டுச் சட்ட விகிதமா, ஒப்பந்த விகிதமா? ஒப்பந்த விகிதம் என்றால் பணம் வாங்குபவரின் குடியிருப்புச் சான்றிதழ் கோப்பில் இருக்கிறதா, அது இந்த ஆண்டுக்கானதா? வாங்குபவர் தொகையின் உண்மையான பயனாளியா, வெறும் இடைத்தரகரா? முதலில், இது உரிமத்தொகைதானா, அல்லது சேவைக் கட்டணமா? ஓஇசிடி மாதிரியின் 12ஆம் பிரிவு உரிமத்தொகைக்கு வரி போடும் உரிமையைப் பெறுபவரின் நாட்டுக்கே கொடுக்கிறது. ஐநா மாதிரி பணம் கிளம்பும் நாட்டுக்கும் பங்கு தருகிறது. தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கென்று 12ஏ என்ற தனிப் பிரிவையும் 2017இல் சேர்த்தது. ஒரு வரி எண்ணுக்குப் பின்னால் இத்தனை கேள்விகள். பயிற்சி என்பது இந்தக் கேள்விகள் தானாக மனதில் வர ஆரம்பிப்பதுதான்.

இன்னொரு வேலையும் கட்டாயம் கைக்கு வரும்: கணக்குப் புத்தக லாபத்திலிருந்து வரிக்குரிய லாபத்துக்குப் போவது. லாபம் 500 என்று வையுங்கள். புத்தகத் தேய்மானம் 80, கூட்டுங்கள். அரசுக்குக் கட்டிய அபராதம் 5, கழிவு கிடையாது, கூட்டுங்கள். வரிச் சட்டப்படியான தேய்மானம் 110, கழியுங்கள். வரிக்குரிய லாபம் 475. விகிதம் 25 சதவீதம் என்றால் இந்த ஆண்டு வரி 118.75. தேய்மான வித்தியாசம் 30 பின்னால் ஒரு நாள் திரும்பி வரும், அதற்கு ஒத்திவைக்கப்பட்ட வரி 7.50. இரண்டும் சேர்ந்து 126.25. அதை 500ஆல் வகுத்தால் 25.25 சதவீதம். அந்த அதிகப்படி 0.25 எங்கிருந்து வந்தது? அபராதத்திலிருந்து. 5க்கு 25 சதவீதம் 1.25, அது 500இல் 0.25 சதவீதம். தேய்மானம் போன்ற தற்காலிக வித்தியாசம் மொத்த விகிதத்தை அசைக்காது, அபராதம் போன்ற நிரந்தர வித்தியாசம் அசைக்கும். இதை மேலாளர் கேட்கும் முன் நீங்களே ஒரு வரியில் எழுதி வைத்தால் உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

கோப்பு ஒழுங்கைப் பற்றி: ஒவ்வொரு எண்ணும் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று பக்கத்தில் குறிப்பு இருக்க வேண்டும். போன வருடத் தாளை நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றுவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் போன வருடத்துக்குப் பிறகு சட்டம் மாறியதா, கம்பெனியில் ஏதாவது மாறியதா என்று பார்க்காமல் செய்தால் பழைய தப்பு புது வருடத்துக்குக் குடிபோகும். மேலாளர் தாளைப் பார்த்து எழுதும் சரிபார்ப்புக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் ஒரு நோட்டில் வகைபிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வகைக் குறிப்பு மூன்றாவது முறை வந்தால் அதுதான் உங்கள் பலவீனம். குறிப்பில் கோபம் தெரிந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், உச்ச காலத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

நேரத்தாள் நிரப்புவதை அன்றன்றே முடித்துவிடுங்கள். ஒரு வேலைக்கு அதிக நேரம் ஆனால் அதை மறைத்துக் குறைத்துப் போடாதீர்கள். வாடிக்கையாளரிடம் எவ்வளவு வசூலிப்பது என்பது மேலாளரின் முடிவு, உங்கள் உண்மையான நேரம் தெரிந்தால்தான் அவர் அடுத்த வேலைக்குத் திட்டம் போட முடியும். வாடிக்கையாளரின் பெயரோ எண்ணோ வெளியே போகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம். ஆனால் பயிற்சி அறிக்கை எழுதும்போதும், பொதுவெளிச் செயலி ஒன்றில் ஒரு கேள்வியைத் தட்டும்போதும் அது கசிந்துவிடும். அறிக்கையை ஒப்படைக்கும் முன் மேலாளரிடம் காட்டி அனுமதி வாங்குங்கள்.

தெரியாததை எப்போது கேட்பது? சொந்தமாக அரை மணி நேரம் தேடுங்கள். எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு போனால் இரண்டாவது முறை முகம் சுளிப்பார்கள்.

படி 10: திரும்பி வந்த பிறகு

பயிற்சி முடிந்து வகுப்புக்குத் திரும்பும்போது விருப்பப் பாடங்களை மறுபடி யோசியுங்கள். முதலில் தேர்ந்தெடுத்தவை கையேட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. இப்போது எங்கே தடுமாறினீர்கள் என்று தெரியும். ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய படிப்பு என்றால் தலைப்பும் அந்தத் தடுமாற்றத்திலிருந்தே கிடைக்கும்.

முதுகலைப் பட்டம் பல நாடுகளில் தொழில் உரிமம் ஆகாது. கணக்காளராகக் கையெழுத்துப் போடவோ நீதிமன்றத்தில் நிற்கவோ அந்தந்தத் தொழில்முறை அமைப்பின் தேர்வும் அனுபவமும் தனியாக வேண்டும். சர்வதேச வரிப் பக்கம் போகிறவர்கள் பிரிட்டனின் பட்டய வரி நிறுவனம் நடத்தும் அடிட் தேர்வைப் பார்க்கலாம். மூன்று பகுதிகள் கொண்டது, முதல் பகுதி சர்வதேச வரியின் அடிப்படைகள், எந்த நாட்டிலிருந்தும் எழுதலாம். ஒப்பந்தங்கள் பற்றிய வகுப்பு முடிந்த கையோடு முதல் பகுதியை எழுதிவிட்டால் பாதிப் படிப்பு ஏற்கெனவே முடிந்ததாக இருக்கும்.

பயிற்சி பெற்ற இடமே வேலை தர முன்வந்தால், எந்தப் பிரிவு, தேர்வுக்கு விடுப்பும் கட்டணமும் தருவார்களா, அதற்கு ஈடாக எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வேலை தராவிட்டால், கிளம்பும் முன் மேலாளரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: பரிந்துரைக்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்பது ஒன்று, பார்த்த வேலைகளை வாடிக்கையாளர் அடையாளம் இல்லாமல் தன்விவரக் குறிப்பில் எப்படி எழுதலாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை அவரே உட்கார்ந்து திருத்திக் கொடுத்தால் அந்த வரிகளை அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.